ஆறா, ஏழா?

'டாக்டர் நோ' திரைப்படத்தில் பேராசிரியர் டெண்ட் கொல்லப்படும் காட்சி குறித்து எங்களுக்குள் நிகழ்ந்த விவாதம் ஒன்றை இங்கே எழுதிவைக்க விரும்புகிறோம். 1962-இல் டெரன்ஸ் யங் இயக்கத்தில் வெளிவந்த படம். ஷான் கானரி ஜேம்ஸ் பாண்டாகத் தோன்றிய முதற்படம். பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி மறந்திராது. ஜமைக்காவில் மலைப்பாங்கான ஓரிடத்தில் ஒரு வீடு. இரவு. தலையணைகளைக் கட்டிலில் ஆள் படுத்திருப்பது போல அடுக்கிப் போர்த்திவிட்டு, கதவோரம் அமர்ந்து தனியே சீட்டு அடுக்கிக்கொண்டிருக்கிறான் பாண்ட். டெண்ட் வந்து கதவைத் திறந்து, இருட்டில் கட்டிலை நோக்கி ஆறு முறை சுடுகிறான். பாண்ட் விளக்கைப் போட்டு, துப்பாக்கியைக் கீழே போடச் செய்து, அவனை உட்காரவைத்துப் பேச்சுக் கொடுக்கிறான். பேசிக்கொண்டே டெண்ட் தரைவிரிப்பைக் காலால் மெல்ல மெல்ல இழுத்துத் துப்பாக்கியைக் கைப்பற்றி விசையை அழுத்துகிறான். 'கிளிக்' என்ற ஓசை மட்டுமே வருகிறது. அது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன், அதற்குரிய ஆறும் தீர்ந்துவிட்டன என்ற பொருள்பட ஒரு வரி சொல்லிவிட்டு பாண்ட் அவனைச் சுடுகிறான். விழுந்தவனை முதுகில் இன்னொரு முறை சுடுகிறான். பிறகு நிதானமாகச் சைலன்சரைக் கழற்றுகிறான்.

இந்தக் காட்சியைப் பற்றி நெடுங்காலமாகவே ஒரு சாரார் குறை சொல்லி வருகின்றனர். டெண்ட்டின் கையில் இருப்பது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் அன்று. சுழலறை கொண்ட ரிவால்வரே அன்று. அது எம்1911ஏ1 என்னும் .45 பிஸ்டல், கோல்ட் நிறுவனத்தின் பெயரோடு சேர்த்தே அறியப்படுவது, 1911 முதல் 1985 வரை அமெரிக்க இராணுவத்தின் அதிகாரபூர்வக் கைத்துப்பாக்கியாக இருந்த வகை. அதன் கைப்பிடிக்குள் செருகும் தோட்டாச் செருகியில் ஏழு தோட்டாக்கள் அடங்கும். ஆறு சுட்டால் ஒன்று மீதம். அது மட்டுமன்று, இவ்வகைப் பிஸ்டலில் கடைசித் தோட்டாவும் வெடித்துவிட்டால் மேற்பகுதி பின்னுக்கு நகர்ந்து அப்படியே நின்றுவிடும். காலி என்பது கண்ணுக்கே தெரியும். 'கிளிக்' ஓசைக்கு அங்கே வேலையில்லை. இன்னொரு சாரார் இதற்குச் சொல்லும் மறுமொழியும் பழையதுதான்: சினிமா பார்க்க வந்தாயா, தோட்டா எண்ண வந்தாயா?

எங்கள் கல்லூரியில் சனிக்கிழமை மாலைகளில் படம் பார்க்கும் வழக்கம் சில ஆண்டுகளாக உண்டு. தமிழ், ஆங்கிலம், வரலாறு, இயற்பியல் என்று துறைக்கு ஓரிருவர் சேர்வோம். மதராஸ் ரெஜிமெண்ட்டில் பணியாற்றி ஓய்வுபெற்று, இப்போது கல்லூரியின் காவற்பொறுப்பை ஏற்றிருக்கும் சுபேதார் ஒருவரும் பின்வரிசையில் வந்து அமர்வார். பெரும்பாலும் பேசமாட்டார். 'டாக்டர் நோ' ஓடிய அன்று மட்டும், "ஐயா, அதைக் கொஞ்சம் நிறுத்துங்க" என்றார். நிறுத்தினோம். திரைக்கு அருகே சென்று, டெண்ட்டின் கையைச் சுட்டிக்காட்டி, "இது ரிவால்வர் இல்லீங்க. இவனுக்கு இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு" என்றார்.

ஆங்கிலத் துறை நண்பருக்கு இது பிடிக்கவில்லை. கற்பனையின் கதவைத் திறந்து உள்ளே போனவர் வாசலில் கழற்றிவிட்ட செருப்பைப் பற்றிக் கவலைப்படலாமா என்பது அவர் கட்சி. இயற்பியல் நண்பரோ சுபேதாரின் பக்கம் சாய்ந்துகொண்டு, சைலன்சரைப் பற்றியும் ஒரு பாடம் எடுத்துவிட்டார். .45 பிஸ்டல் வெடிக்கும் ஓசை ஏறத்தாழ 160 டெசிபல். நல்லதொரு சைலன்சர் அதில் முப்பதைக் குறைத்தாலும் எஞ்சுவது காதைக் கூசவைக்கும் ஓசைதான். திரையில் கேட்கும் 'புஸ்' என்பது ஒலிப்பதிவாளரின் கைவண்ணம் என்றார். (டெசிபல் கணக்கில் முப்பது குறைவது ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைவது என்று அவர் தொடர்ந்தபோது, மாலை நேரம் கழிந்துவிடும் என்று அஞ்சி அவரை உட்காரவைத்தோம்.)

தமிழ்த் துறையினரான எங்களுக்கு இந்தச் சண்டையில் ஒரு தனிச்சுவை இருந்தது. பிழைகளை வகைப்படுத்துவது எங்கள் தொழில். வழு ஏழு வகை என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதுகிறோம். யானை மேய்ப்பவனை இடையன் என்றும் ஆடு மேய்ப்பவனைப் பாகன் என்றும் சொன்னால் மரபு வழு என்று உதாரணம் காட்டுகிறோம். கோல்ட் பிஸ்டலை ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் என்பதும் அந்த இனத்தைச் சேர்ந்ததே. ஆனால் நம் இலக்கணிகள் வழுவோடு நின்றுவிடவில்லை. மகளைப் பார்த்து 'வாடா கண்ணா' என்று தாய் அழைக்கிறாள். பால் மயங்குகிறது. எனினும் அது வழுவன்று, வழுவமைதி. அன்பு என்னும் காரணம் பற்றி இலக்கணம் அதை ஏற்றுக்கொள்கிறது. 'சினிமாதானே' என்பவர் எல்லாவற்றையும் வழுவமைதியாக்கிவிடுகிறார்; தோட்டா எண்ணுபவர் எல்லாவற்றையும் வழுவாக்கிவிடுகிறார். காரணம் உண்டா என்று கேட்பதுதான் இலக்கணியின் வேலை. சைலன்சரின் 'புஸ்' ஓசைக்குக் காரணம் உண்டு: கொலை மறைவாக நடக்கிறது என்பதைப் பார்வையாளனின் காதுக்குச் சொல்லியாக வேண்டும். டெண்ட்டின் துப்பாக்கிக்கு அப்படி என்ன காரணம்?

ஜேம்ஸ் பாண்டின் கதையில் இத்தகைய பிழைதிருத்தம் வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டதன்று என்பதை இவ்விடத்தில் சொல்ல வேண்டும். பாண்ட் கையில் வால்தர் பிபிகே வந்ததே ஒரு வாசகரின் புகாரால்தான்.

1953-இல் வந்த முதல் நாவலான 'கஸீனோ ராயல்' தொடங்கி பாண்ட் வைத்திருந்தது .25 பெரெட்டா. உள்ளங்கைக்குள் அடங்கும் சிறு பிஸ்டல். இயான் ஃப்ளெமிங் இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் கடற்படையின் உளவுப் பிரிவில் பணியாற்றியவர். ஆயினும் துப்பாக்கி வல்லுநர் அல்லர். 1956-இல் கிளாஸ்கோவிலிருந்து ஜெஃப்ரி பூத்ராய்ட் என்ற வாசகர் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். துப்பாக்கிகளைச் சேகரிப்பதிலும் ஆராய்வதிலும் ஊறியவர். உங்கள் கதைகள் எனக்குப் பிடிக்கின்றன, உங்கள் நாயகனின் துப்பாக்கி ரசனைதான் பிடிக்கவில்லை என்பது கடிதத்தின் சாரம். பெரெட்டாவைப் பெண்களின் கைப்பைக்கு உரியது என்னும்படியாக அவர் கேலி செய்தார் (பெண்கள் மீது அவர் வைத்திருந்த மதிப்பும் அதில் தெரிந்துவிடுகிறது). பாண்டுக்கு அவர் பரிந்துரைத்தது ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் .38 சென்டென்னியல் ஏர்வெயிட் ரிவால்வர். சட்டைக்குள் சிக்காமல் உருவுவதற்கு ஏற்றபடி சுத்தி வெளியே துருத்தாதது. அதை வைத்துக்கொள்ள பெர்ன்ஸ்-மார்ட்டின் என்னும் தோலுறை. பிஸ்டல்தான் வேண்டுமென்றால் 7.65 மி.மீ. வால்தர் பிபிகே.

இத்தகைய கடிதத்தை எழுத்தாளர்கள் என்ன செய்வார்கள் என்பது நமக்குத் தெரியும். ஃப்ளெமிங் நன்றி சொல்லிப் பதில் எழுதினார். கடிதத் தொடர்பு வளர்ந்தது. 1957-இல் வெளிவந்த 'ஃப்ரம் ரஷ்யா வித் லவ்' நாவலின் அட்டையில் ரிச்சர்ட் சாப்பிங் தீட்டிய ரிவால்வர், பூத்ராய்ட் தம் சேகரிப்பிலிருந்து இரவலாக அனுப்பியது. விசைக்காப்பு வளையம் அறுக்கப்பட்ட ஒரு ஸ்மித் அண்ட் வெஸ்ஸன். அது ஓவியரிடம் இருந்த நாள்களில் கிளாஸ்கோ வட்டாரத்துக் கொலைகளை விசாரித்த காவல்துறை அந்தத் துப்பாக்கியைத் தேடி பூத்ராய்டிடம் வந்ததை ஃப்ளெமிங்கே பின்னாளில் எழுதியிருக்கிறார். அட்டைப்படத்துக்குத் துப்பாக்கி கொடுத்தவர் காவலருக்கு விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று.

அடுத்த நாவல் 1958-இல் வந்த 'டாக்டர் நோ'. முந்தைய கதையின் முடிவில் பாண்டின் பெரெட்டா உடையில் சிக்கி உயிருக்கே ஆபத்தானதைக் காரணமாக்கி, மேலதிகாரி எம் அந்தத் துப்பாக்கியைப் பறித்துக்கொண்டு புதியது தருகிறார். தேர்ந்து கொடுக்கும் படைக்கல அதிகாரியின் பெயர் மேஜர் பூத்ராய்ட். குறை சொன்ன வாசகர் குறையைத் தீர்க்கும் பாத்திரமாகக் கதைக்குள் அமர்ந்துவிட்டார். உரையாசிரியர் ஒருவரை மூலநூலாசிரியரே கூப்பிட்டு நூலுக்குள் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தது போல.

ஆனால் திருத்தத்திலும் ஒரு வழு புகுந்துகொண்டது. ஃப்ளெமிங் கடிதத்தின் ஒரு பத்தியிலிருந்து வால்தரை எடுத்தார், மற்றொரு பத்தியிலிருந்து பெர்ன்ஸ்-மார்ட்டின் தோலுறையை எடுத்தார், இரண்டையும் பாண்டுக்கு அணிவித்தார். அந்த உறையோ ரிவால்வருக்கென்றே வடிக்கப்பட்டது. சுழலறையின் புடைப்பைப் பற்றிக்கொண்டுதான் அது துப்பாக்கியைத் தாங்கும். தட்டையான வால்தர் அதில் நிற்காது. பூத்ராய்டின் முதல் கடிதமும் தம் பதிலும் அடங்கிய கட்டுரையை 1962-இல் 'ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்' இதழில் ஃப்ளெமிங் வெளியிட்டார். இரு நல்ல பாடங்களைக் கலந்து மூன்றாவதாக ஒரு கெட்ட பாடத்தை உண்டாக்கிய பதிப்பாசிரியர்களைச் சுவடி படிப்பவர்கள் அறிவார்கள். எங்களுக்கு அந்த இடத்தில் ஃப்ளெமிங் மிக நெருங்கிய உறவினராகத் தோன்றினார்.

படத்திலும் இந்தத் துப்பாக்கி மாற்றும் காட்சி உண்டு. அங்கே பெயர் பிபிகே. கையில் கொடுக்கப்படுவது அதைவிடச் சற்றுப் பெரிய வால்தர் பிபி. பெயரும் பொருளும் பிரிந்து செல்வது முதற்படத்தின் முதற்சில நிமிடங்களிலேயே தொடங்கிவிடுகிறது. அடுத்த ஆண்டு 'ஃப்ரம் ரஷ்யா வித் லவ்' படத்துக்காகக் கானரி துப்பாக்கியை முகத்தருகே உயர்த்திப் பிடித்திருக்கும் புகழ்பெற்ற ஒளிப்படம் எடுக்கப்பட்டபோது பிபிகே கைவசமில்லை. ஒளிப்படக்காரர் டேவிட் ஹர்ன் தம்மிடமிருந்த வால்தர் காற்றுத் துப்பாக்கியைக் கொடுத்து நிற்கவைத்துவிட்டார். இலக்குப் பலகையில் ஈயக் குண்டு சுடும் பொழுதுபோக்குக் கருவி அது. 2010-இல் லண்டன் கிறிஸ்டீஸ் ஏலத்தில் அந்தக் காற்றுத் துப்பாக்கி 2,77,250 பவுண்டுக்கு விலைபோனது. இதை வழு என்று சொல்ல எங்களுக்கு மனமில்லை. படத்தில் இருப்பது ஒரு மனிதன் நிற்கும் தோரணை. அதற்கு எந்தக் குழல் இருந்தாலும் போதும்.

தமிழில் படித்து வளர்ந்தவர்களுக்கு இந்தச் சிக்கல் எழுந்ததே இல்லை என்பதையும் சொல்லிவிடலாம். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ராணி காமிக்ஸில் ஜேம்ஸ் பாண்டைச் சந்தித்த எங்களுக்குப் பெரெட்டாவும் வால்தரும் கோல்ட்டும் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனும் ஒன்றே: கைத்துப்பாக்கி. மொழி ஒரே சொல்லால் எல்லாவற்றையும் போர்த்திவிட்டது. 'டுமீல்' எத்தனை முறை வந்தது என்று கட்டங்களில் எண்ணியவர் எவரும் எங்கள் தெருவில் இல்லை.

வால்தரின் கதையில் இன்னொரு நாள் உண்டு. 1974 மார்ச் 20 அன்று மாலை, லண்டனில் பக்கிங்ஹாம் அரண்மனைக்கு அருகே இளவரசி ஆன் சென்ற காரை மறித்து அவரைக் கடத்த ஒருவன் முயன்றான். மெய்க்காவலர் ஜிம் பீட்டன் இறங்கித் தம் துப்பாக்கியால் ஒருமுறை சுட்டார். குறி தப்பியது. மறுமுறை சுட முயன்றபோது துப்பாக்கி சிக்கிக்கொண்டு இயங்கவில்லை. அது வால்தர் பிபிகே. பீட்டன் மூன்று முறை சுடப்பட்டார், ஆயுதமின்றியே இளவரசிக்கும் குண்டுக்கும் இடையில் நின்றார், பிழைத்தார், ஜார்ஜ் கிராஸ் விருது பெற்றார். அதன் பிறகு அரச குடும்பக் காவலில் அந்தத் துப்பாக்கிக்கு இடமில்லாமற்போயிற்று. ஆனால் திரையில் பாண்ட் அதே துப்பாக்கியை இருபது ஆண்டுகளுக்கு மேல் வைத்திருந்தான். 1997-இல்தான் 'டுமாரோ நெவர் டைஸ்' படத்தில் வால்தர் பி99-க்கு மாறினான். கதையில் பெரெட்டா சிக்கியதால் பிபிகே வந்தது. வாழ்வில் பிபிகே சிக்கியது கதைக்குக் கேட்கவேயில்லை. சுபேதாரிடம் இதைச் சொன்னபோது அவர் பாண்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "மூணு குண்டு வாங்கியும் நின்னாரா?" என்று மட்டும் கேட்டார்.

இனி டெண்ட்டிடம் திரும்புவோம். விவாதம் அன்று ஆறா ஏழா என்ற அளவில் ஓய்ந்திருக்கும்; வரலாற்றுத் துறை அம்மையார் ஒருவர்தாம் அதை ஓயவிடவில்லை. "ஆறோ ஏழோ, இருக்கட்டும். நிராயுதபாணி என்று தெரிந்துகொண்டே சுடுகிறானே, அதைப் பற்றி ஏன் ஒருவரும் வாய் திறக்கவில்லை?" என்றார்.

அந்தக் கேள்விக்குப் பிறகுதான் எண்ணிக்கையின் பொருள் எங்களுக்குத் துலங்கியது. துப்பாக்கி உண்மையிலேயே ரிவால்வர், தோட்டா ஆறு, ஆறும் தீர்ந்தன என்றால், பாண்ட் செய்வது பச்சைக் கொலை. எதிரியிடம் ஒன்றுமில்லை என்று அவனுக்குத் தெரியும், வாய்விட்டுச் சொல்கிறான், சொல்லிவிட்டுச் சுடுகிறான். துப்பாக்கி எம்1911, தோட்டா ஏழு என்றால், ஒரு தோட்டா மிச்சமுள்ள துப்பாக்கியைத் தன்மீது நீட்டியவனை அவன் சுடுகிறான். சொன்ன வரி உளறல், செய்த செயல் தற்காப்பு. ஒரு தோட்டா கூடினால் கொலை தற்காப்பாகிவிடுகிறது. திரைக்கதை வேண்டியது முதலாவது. கொல்லும் உரிமம் பெற்றவன் என்றால் என்ன என்பதை முதற்படத்திலேயே பார்வையாளன் முகத்துக்கு நேரே காட்ட அவர்கள் விரும்பியிருக்கிறார்கள். டெண்ட் என்ற பாத்திரமே ஃப்ளெமிங்கின் நாவலில் இல்லை. இந்தக் கொலை முழுக்க முழுக்கத் திரைப்படத்தின் ஆக்கம். அதற்கு ஆறு என்ற எண் அச்சாணி. படப்பிடிப்பில் கைக்குக் கிடைத்த பிஸ்டலை நடிகரிடம் கொடுத்தவர் அந்த அச்சாணியைப் பிடுங்கிவிட்டார். ஆகவே இது வழுதான். அமைதி கொள்ள வழியில்லை. தோட்டா எண்ணுபவர்களைக் கேலி செய்யும் நண்பர்களிடம் எங்கள் வாதம் இதுவே: எண்ணாதவருக்கு இந்தக் காட்சியில் என்ன நடக்கிறது என்பதே முழுதாக விளங்காது.

இன்னுமொரு வேடிக்கை. பாண்ட் அந்தக் காட்சியில் பயன்படுத்துவதும் அவனுக்கு வழங்கப்பட்ட வால்தர் அன்று. சைலன்சர் பூட்டிய எஃப்என் 1910 வகைப் பிஸ்டல். எதிரியின் துப்பாக்கியைத் தவறாகப் பெயர் சொல்லி அழைப்பவனின் கையிலும் வேறொருவர் துப்பாக்கி. அந்த அறையில் சொன்ன பெயரும் உண்மையன்று, இருக்க வேண்டியதும் இல்லை. ஒருவன் மட்டும் செத்துப்போகிறான்.

ஆங்கிலத் துறை நண்பர் இந்த அளவுக்கு இறங்கிவந்தார்: எண் முக்கியம்தான், ஒப்புக்கொள்கிறேன். அம்மையார் இறங்கிவரவில்லை. "முதல் குண்டுக்கு நீங்கள் கணக்குச் சொல்லிவிட்டீர்கள். ஆறு என்றால் கொலை, ஏழு என்றால் தற்காப்பு. சரி. இரண்டாவது குண்டு? அவன் குப்புற விழுந்துவிட்டான். முதுகில் எதற்கு?"

எந்த எண்ணும் அதற்கு விடையாகவில்லை. நாங்கள் பார்த்த அளவில், துப்பாக்கிப் பிழைகளைப் பட்டியலிடும் பார்வையாளர்கள் பலரும் டெண்ட் சுட்ட ஆறையும் எண்ணுகிறார்கள். பாண்ட் சுட்ட இரண்டைப் பற்றிச் சொல்வதற்கு அவர்களிடம் ஒன்றுமில்லை. அங்கே துப்பாக்கியின் பக்கத்தில் பிழையேதும் இல்லையே. அந்தப் பிஸ்டல் இரண்டு முறை சுடும்; சுட்டது.

சுபேதார் சிறிது நேரம் தரையைப் பார்த்தபடி இருந்தார். பிறகு அம்மையாரிடம் சொன்னார்:

"எங்க ரேஞ்சில ஒவ்வொரு ரவுண்டுக்கும் கையெழுத்துப் போட்டுத்தான் வாங்கணும் அம்மா. சுட்டு முடிச்சதும் காலிக் கேஸ் அத்தனையும் பொறுக்கிக் கணக்கு ஒப்படைக்கணும். ஒண்ணு குறைஞ்சாலும் யாரும் லாரியில ஏற முடியாது. ஒரு தடவை முப்பது பேரும் புல்லுக்குள்ள முட்டி போட்டு இருட்டுற வரைக்கும் தேடினோம்."

"கிடைத்ததா?"

"கிடைச்சுது. ஒருத்தன் பூட்ஸ் அடியில மண்ணோட ஒட்டிக்கிட்டு இருந்துச்சு."